கத்துகிற முதலாளியிடம் வேலை பார்ப்பது எப்படி? திருப்பூரிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

சனிக்கிழமை காலை 11.40 மணி. கண்ணாடி கேபினுக்குள் எங்கள் முதலாளி, எம்.டி., நின்றுகொண்டிருக்கிறார். மேஜை மேல் நேவி நிறத்தில் இரண்டு துணித் துண்டுகள், ஒன்று பையர் (ஆர்டர் கொடுத்தவர்) ஒப்புதல் கொடுத்த ஷேடு, இன்னொன்று சாயப்பட்டறையிலிருந்து வந்தது, பக்கத்தில் இருக்கிற டீயில் ஆடை படிந்துவிட்டது. வெளியே உட்கார்ந்திருக்கும் எல்லோரும் கம்ப்யூட்டரைத்தான் பார்க்கிறார்கள், ஆனால் ஒருவர் விரலும் கீபோர்டில் அசையவில்லை. உள்ளே நிற்பது நான், ஆர்டர் வேலைகளைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. "ஏனப்பா, பையர் மெயில் போட்டுத்தான் எனக்கு இது தெரியணுமா?" என்று அவர் போட்ட சத்தம் கட்டிங் டேபிள் வரைக்கும் கேட்டிருக்கும்.

அன்றைக்கு எனக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அந்த வாக்கியம் காதில் ஏறவில்லை. இரண்டு மூன்று வருடம் கழித்து, வேறொரு பையன் அதே மாதிரி வாங்கிக் கட்டிக்கொள்வதைப் பார்த்தபோதுதான் புரிந்தது, அவர் தன் கோபத்துக்குக் காரணத்தை அன்றே அப்பட்டமாகச் சொல்லியிருக்கிறார். ஷேடு மாறியது அவருக்குப் பிரச்சினை இல்லை, சாயப்பட்டறையில் ஷேடு மாறுவது திருப்பூரில் வாரா வாரம் நடப்பது. வியாழக்கிழமையே எனக்குத் தெரிந்த விஷயம் அவருக்குச் சனிக்கிழமை வெளியாள் மூலம் தெரிந்ததுதான் பிரச்சினை. பயத்தில் இரண்டு நாள் மூடி வைத்தேன், அந்த இரண்டு நாளுக்கும் சேர்த்துத்தான் கிடைத்தது.

பிறகு நான்கு முதலாளிகளிடம் வேலை பார்த்துவிட்டேன். அதில் ஒருவர் கையில் கிடைத்ததைத் தூக்கி எறிபவர், ஒருவர் கத்தவே மாட்டார், ஆனால் அவர் கூப்பிட்டால் வயிறு கலங்கும். அவர்களை மாற்ற என்னால் முடியவில்லை, உங்களாலும் முடியாது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தக் கோபம் எப்போது வரும், யார் முன்னால் விழும், விழுந்த பிறகு என்ன நடக்கும் என்பதில் உங்கள் கைக்குள் இருப்பது நிறைய. பனியன் கம்பெனியை வைத்துத்தான் சொல்கிறேன், ஜவுளிக்கடையில் இருந்தாலும் ஐ.டி.யில் இருந்தாலும் பெயர்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. எதன் மேல் கோபம் என்று முதலில் பிரியுங்கள்

இதைச் செய்யாமல் மீதி எதுவும் பலிக்காது. கோபத்தில் வேலை மேல் வருவது ஒரு வகை, ஆள் மேல் வருவது இன்னொரு வகை. இரண்டிலும் சத்தம் ஒரே அளவுதான் இருக்கும், அதனால் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. வார்த்தையைக் கவனியுங்கள். அவர் வாயில் லாட், தேதி, பீஸ், மெயில், டெபிட் நோட் (பையர் பணம் பிடிக்கும் சீட்டு) என்று வருகிறதா? அது வேலை மேல் வரும் கோபம். உங்கள் ஊர், சாதி, அம்மா, நிறம், படிப்பு, "உன் மூஞ்சிக்கு" என்று வருகிறதா? அது ஆள் மேல் வரும் கோபம்.

முதல் வகையைச் சமாளிக்கலாம், அதற்குத்தான் இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி. இரண்டாவது வகைக்கு, நீங்கள் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் தீர்வு கிடைக்காது, ஏனென்றால் அங்கே பிரச்சினை வேலையில் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர்கள் நேராக ஏழாவது பகுதிக்குப் போய்விடுங்கள்.

பல பேரிடம் இரண்டும் கலந்து வரும். ஒரு மாதம் பாருங்கள், எது அதிகம் என்று தெரிந்துவிடும்.

2. கோபத்துக்கு ஒரு காலண்டர் இருக்கிறது, அதை எடுங்கள்

ஒரு சின்ன நோட்டில் மூன்று வாரம் குறித்து வையுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி, அதற்கு முன் அவர் யாரிடம் போன் பேசினார், எதைப் பற்றிக் கத்தினார். வேறு எதுவும் வேண்டாம்.

நான் குறித்தபோது சனிக்கிழமை காலைகள் வரிசையாக வந்தன. காரணம் தேடிப் போக வேண்டியதே இல்லை. திருப்பூரில் சனிக்கிழமை வாரச் சம்பளம். டெய்லர், செக்கிங், அயர்னிங், கான்ட்ராக்டர் என்று எல்லோருக்கும் மாலைக்குள் பணம் போயாக வேண்டும். பேங்கில் பணம் இருக்கிறதா, வர வேண்டிய பில் வந்ததா என்ற கவலையோடு ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது, நான் போய் "சார், பட்டன், லேபிள் வாங்க இருபதாயிரம் வேணுங்க" என்று நின்றிருக்கிறேன். மாதத்தின் முதல் நாளும் அப்படித்தான், மில்கள் நூல் விலையை அறிவிக்கும் நாள். பழைய விலையில் ஆர்டர் எடுத்திருந்தால், கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினாலும் அந்த ஆர்டரில் கிடைக்க வேண்டிய லாபம் குறைந்துவிடும். 2021 கடைசியிலும் 2022லும் நூல் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த மாதங்களில் எந்த எம்.டி. முகத்திலும் சிரிப்பு இல்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோதும் அதே கதைதான், பையர் ஆர்டரை நிறுத்தி வைத்துவிட்டு டிஸ்கவுண்ட் கேட்பார், இங்கே கேபினில் சத்தம் கூடும்.

அதனால் கத்துவது நியாயம் என்று சொல்ல வரவில்லை. எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் அதைத் தலைக்குள் போட்டுக்கொண்டு "எனக்குத்தான் எதுவும் தெரியவில்லை" என்று இரவெல்லாம் புரள மாட்டீர்கள், இது முதல் லாபம். இரண்டாவது, நேரம் தேர்ந்தெடுக்கலாம். பணம் கேட்க வேண்டிய விஷயத்தைச் செவ்வாய்க்கிழமை கேளுங்கள். ஒப்புதல் வாங்க வேண்டிய சாம்பிளை அவர் சாப்பிட்டுவிட்டு வந்த பிறகு கொண்டு போங்கள். காலையில் வந்தவுடன் அவர் சாமி கும்பிட்டு மெயில் பார்க்கிற அந்த அரை மணி நேரத்தில் யாரும் உள்ளே போகக் கூடாது என்பது எங்கள் ஆபீஸில் வாட்ச்மேனுக்கே தெரியும், எனக்கு மட்டும் ஒரு வருடம் தெரியாமல் இருந்தது.

3. கெட்ட செய்தியை நீங்களே முதலில் கொண்டு போங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

எங்களிடம் க்யூ.சி.யில், அதாவது தரம் பார்க்கும் பிரிவில், ஒரு அக்கா இருந்தார். அவர் மேல் எம்.டி. குரல் உயர்த்தி நான் பார்த்ததில்லை. அக்காவின் அதிர்ஷ்டம் என்று முதலில் நினைத்தேன், அப்படி இல்லை. ஒரு நாள் அவர் பின்னாலேயே கேபினுக்குப் போனேன். உள்ளே போய் துணித் துண்டை மேஜை மேல் வைக்கவில்லை, ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் வைத்தார், பக்கத்தில் ஒரிஜினல் ஷேடு. பிறகு நின்றபடியே பேசினார்.

"சார், நேவி லாட் ரெண்டு நாள் லேட் ஆகுதுங்க. பட்டறையில ஷேடு ஏறல, திரும்பப் போட்டிருக்காங்க. வியாழக்கிழமை சாயங்காலம் துணி வந்துடும், கட்டிங் ஒரு நைட் ஷிப்ட் போட்டா ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் தேதி மாறாதுங்க. நைட் ஷிப்டுக்கு உங்க ஓகே மட்டும் வேணும்."

அவ்வளவுதான். அவர் பல்லைக் கடித்தார், பட்டறைக்காரரைத் திட்டினார், "சரி, போடச் சொல்லு" என்றார். ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

அந்தப் பேச்சை வெட்டிப் பாருங்கள். முதல் வாக்கியத்திலேயே கெட்ட செய்தி எண்ணோடு வந்துவிட்டது, "சார் ஒரு சின்ன பிரச்சினை" என்று இழுக்கவில்லை, அப்படி இழுக்கும்போதுதான் எதிரில் இருப்பவருக்கு ரத்தம் ஏறுகிறது. அடுத்து காரணம், அதுவும் ஒரே வரியில், யார் மேலும் பழி போடாமல். அடுத்து வழி. கடைசியில் அவர் செய்ய வேண்டிய ஒரு காரியம். கோபக்காரருக்கு முடிவெடுக்க ஏதாவது கொடுத்துவிட்டால் கத்துவதற்குப் போகிற வேகம் அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது, இதை எத்தனையோ தடவை கண்ணால் பார்த்துவிட்டேன்.

வழி கிடைக்கும் வரை காத்திருக்கலாமா என்றால், கூடாது. வழி தெரியாவிட்டாலும் அன்றே சொல்லுங்கள். "காரணம் இன்னும் தெரியலீங்க சார், பட்டறைக்கு நேரில் போறேன், மூணு மணிக்கு வந்து சொல்றேன்." மூன்று மணி என்றால் மூன்று மணிக்குப் போய் நில்லுங்கள், புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் அதைச் சொல்லப் போங்கள்.

கூடவே ஒரு வழக்கம். தினமும் காலை ஒரே நேரத்தில், அவர் கேட்பதற்கு முன், ஓடுகிற ஆர்டர்களின் நிலவரத்தை ஐந்து வரியில் அனுப்பிவிடுங்கள். எந்த ஸ்டைல், எந்தக் கட்டத்தில் இருக்கிறது, தேதிக்கு முன்னால் இருக்கிறோமா பின்னால் இருக்கிறோமா. கப்பல் தவறி விமானத்தில் அனுப்ப வேண்டி வந்தால் அந்தச் செலவு கம்பெனி தலையில் விழும், ஒரு ஆர்டரின் மொத்த லாபமும் அதில் போய்விடும். முதலாளியின் அடிவயிற்றில் எப்போதும் இருக்கிற பயம் அதுதான், தெரியாமல் இருப்பதுதான் அவரைக் கத்த வைக்கிறது. நான் இந்த ஐந்து வரியை ஆரம்பித்த இரண்டாவது மாதத்தில் அவர் என்னைக் கூப்பிடுவதே பாதியாகக் குறைந்தது.

4. கத்திக்கொண்டிருக்கும்போது

எவ்வளவு தயாராக இருந்தாலும் ஒரு நாள் வரும். அந்த நேரத்தில் உடம்பு உங்கள் பேச்சைக் கேட்காது. நெஞ்சு அடித்துக்கொள்ளும், வாய் உலரும், அவர் சொல்வது பாதிதான் காதில் விழும். இது கோழைத்தனம் இல்லை, ஆபத்து என்று நினைத்து உடம்பு அட்ரினலினைக் கொட்டுகிறது, ஓடுவதற்கோ அடிப்பதற்கோ தயார் செய்கிறது. அங்கே இரண்டும் முடியாது. மூச்சை மெதுவாக, இழுத்ததைவிட அதிக நேரம் வெளியே விடுங்கள், யாருக்கும் தெரியாது. கால் இரண்டையும் தரையில் நன்றாக ஊன்றி நில்லுங்கள்.

நோட்டும் பேனாவும் இல்லாமல் கேபினுக்குள் போகாதீர்கள். இதை ஒரு சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். அவர் கத்த ஆரம்பித்ததும் எழுத ஆரம்பியுங்கள், திட்டை இல்லை, அதற்குள் இருக்கும் விஷயத்தை. "சைஸ் செட் ஏன் இன்னும் போகல", "எல் சைஸ் அளவு", "திங்கள்". எழுதும்போது கண் கீழே இருக்கும், அவரை முறைக்கவும் இல்லை, தலைகுனிந்து நிற்கவும் இல்லை. கை நடுக்கம் தெரியாது. வெளியே வந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல் கையில் இருக்கும். ஒருவர் தான் சொல்வதை எதிரில் இருப்பவர் எழுதுகிறார் என்று பார்த்தால் வார்த்தையையும் கொஞ்சம் அளந்து விடுவார்.

நடுவில் குறுக்கிடாதீர்கள். முதல் வேகம் அடங்கும் வரை விடுங்கள், மழை வலுத்துப் பெய்யும்போது குடையை விரிக்கப் போராடுவது மாதிரிதான் அந்த நேரத்து விளக்கம். அவர் நிறுத்தி மூச்சு வாங்கும்போது பேசுங்கள், அவர் குரலைவிடத் தாழ்ந்த குரலில், ஆனால் கடைசி எழுத்து வரை கேட்கும்படி.

என்ன பேசுவது? உங்கள் பக்கம் தப்பு இருந்தால் ஒரே ஒரு தடவை ஒத்துக்கொள்ளுங்கள், "வியாழக்கிழமையே சொல்லியிருக்கணும், தப்புதாங்க சார்". ஆறு தடவை "சாரி சார், சாரி சார்" என்று சொல்வதால் எதுவும் குறையாது, இன்னும் எரிச்சல்தான். தப்பு உங்களுடையது இல்லை என்றால் அதை அங்கேயே நிரூபிக்கப் போகாதீர்கள், "எந்த மெயில்ல ஒப்புதல் வந்ததுன்னு எடுத்துட்டு பத்து நிமிஷத்துல வர்றேங்க சார்" என்று வெளியே வந்துவிடுங்கள். அந்தப் பத்து நிமிடம் இரண்டு பேருக்குமே வேண்டும்.

பயத்தில் நாள் குறிக்காதீர்கள். "எப்ப முடியும், எப்ப முடியும்" என்று அவர் மேஜையைத் தட்டும்போது வாயில் "நாளைக்கு முடிச்சிடறேன் சார்" என்று வந்துவிடும். மூன்று நாள் வேலையை நாளைக்கு என்று சொன்னால் நாளை மறுநாள் திட்டுக்கு நீங்களே விதை போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். நான் பார்த்தவரை திட்டு வாங்கிக்கொண்டே இருப்பவர்களில் பலர் வேலை தெரியாதவர்கள் இல்லை, பயத்தில் தேதி சொல்பவர்கள்.

அழுகை வந்தால்? வரட்டும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. "முகம் கழுவிட்டு வர்றேங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஆனால் திரும்பிப் போய் அந்த விஷயத்தை முடித்துவிட்டு வாருங்கள், அப்படியே வீட்டுக்குப் போய்விட்டால் மறுநாள் அந்தக் கதவைத் திறப்பது பத்து மடங்கு கஷ்டம்.

இரவு பத்தரைக்கு வாட்ஸ்ஆப்பில் கத்தும் வாய்ஸ் மெசேஜ் வந்தால், வாய்ஸில் பதில் போடாதீர்கள். "கேட்டேன் சார். காலை 9 மணிக்கு தையல் லைன் நிலவரம் பார்த்துச் சொல்கிறேன்" என்று டைப் செய்துவிட்டுப் போனை வேறு அறையில் வையுங்கள்.

5. வெளியே வந்த பிறகு

கேபின் கதவு மூடியதும் நான்கு பேர் சூழ்ந்துகொள்வார்கள், "என்னாச்சு, என்ன சொன்னான்?" என்று. தண்ணீர் குடியுங்கள், ஒன்றும் சொல்லாதீர்கள். ஆத்திரத்தில் நீங்கள் விடும் ஒரு வார்த்தை மாலைக்குள் கேபினுக்குப் போய்விடும், அதுவும் இரண்டு வார்த்தை சேர்ந்து. மனம் விட்டுப் பேச ஆபீஸுக்கு வெளியே ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

மாலைக்குள் ஒரு மெயில் போடுங்கள். "சார், இன்று பேசியபடி: நேவி லாட் மறு சாயம், வியாழன் மாலை துணி வரவு, அன்றிரவு கட்டிங். எல் சைஸ் அளவு சரிசெய்து புதிய சாம்பிள் நாளை மதியம். வேறு மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்." கோபத்தைப் பற்றி ஒரு எழுத்தும் வேண்டாம். கத்தும்போது ஒன்று சொல்லி, நாளைக்கு "நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்று கேட்கிற முதலாளிகளிடம் உங்களைக் காப்பாற்றப் போவது இந்த மெயில்தான்.

அடுத்தது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. வாங்கிய திட்டைக் கீழே இறக்காதீர்கள். பையர் எம்.டி.யிடம் கத்துவார், எம்.டி. ஜி.எம்.மிடம், ஜி.எம். மெர்ச்சண்டைசரிடம், மெர்ச்சண்டைசர் லைன் சூப்பர்வைசரிடம், சூப்பர்வைசர் டெய்லரிடம், கடைசியில் பிசிறு வெட்டிக்கொண்டு உதவி வேலை பார்க்கும் கைமடி அக்காவுக்கோ பதினெட்டு வயதுப் பெண்ணுக்கோ எதற்கென்றே தெரியாமல் வந்து சேரும். அவர்களுக்குக் கீழே யாரும் இல்லை. ஒரு தடவை நானும் கேபினிலிருந்து நேராக லைனுக்குப் போய் ஓவர்லாக் மெஷினில் இருந்த பெண்ணிடம் கத்திவிட்டேன், அவர் ஒன்றும் பேசவில்லை, மெஷினை நிறுத்திவிட்டு மடியில் கிடந்த பீஸைத் திருப்பித் திருப்பித் தப்பைத் தேடினார். அந்த பீஸில் தப்பே இல்லை. மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன். கேபினிலிருந்து வந்தால் ஒரு சுற்று நடந்துவிட்டுத்தான் லைனுக்குப் போவது என்று அன்றிலிருந்து வைத்திருக்கிறேன்.

6. அமைதியான நாளில் தனியாகப் பேசுங்கள்

கத்திய அன்றே போய் "நீங்க அப்படிப் பேசியது தப்பு" என்று சொன்னால் காரியம் கெடும். கண்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பிய மறுநாள் ஒரு நல்ல நாள். மனம் லேசாக இருக்கும்.

பேசும்போது உங்கள் மன வருத்தத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள், வேலைக்கு வரும் நஷ்டத்திலிருந்து ஆரம்பியுங்கள். வருத்தம் பொய் இல்லை, ஆனால் இப்படிப்பட்டவர்களுக்கு அது வேறு மொழி, நஷ்டம் உடனே புரியும். நான் சொன்னது ஏறக்குறைய இப்படி: "சார், தப்பு செஞ்சா நீங்க சொல்றதுல எனக்கு வருத்தம் இல்லீங்க. ஆனா லைன்ல எல்லார் முன்னாடியும் சொன்னா, அப்புறம் சூப்பர்வைசர் என் பேச்சைக் கேக்கறதில்லீங்க. ஒரு வேலைக்கு நாலு தடவை நடக்க வேண்டியிருக்கு. கேபினுக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்க, உடனே செஞ்சுடறேன்."

அவர் பதில் சொல்லவில்லை. "ம்ம்" என்றார், போனை எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் கத்தினார், ஆனால் கேபினுக்குள் கூப்பிட்டுக் கத்தினார். பெரிய மாற்றம் அது, லைனில் எனக்கு மரியாதை திரும்பி வந்தது.

நேரில் பேசத் தைரியம் வரவில்லை என்றால், குடும்பக் கம்பெனிகளில் இன்னொரு வழி உண்டு. முதலாளியோடு ஆரம்பத்திலிருந்து இருக்கும் கணக்குப்பிள்ளை ஒருவர் எல்லா இடத்திலும் இருப்பார், அவர் சொன்னால் முதலாளி கேட்பார். புகாராகக் கொண்டு போகாமல், "அண்ணா, எப்படிப் பேசினா சாருக்குப் பிடிக்கும்?" என்று யோசனை கேட்பதாகப் போங்கள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

7. எல்லை எங்கே

தனியாகப் பேசியும் பலன் இல்லை, அல்லது ஆரம்பத்திலிருந்தே ஆள் மேல்தான் கோபம் என்றால், அன்றன்று எழுதி வைக்க ஆரம்பியுங்கள். தேதி, நேரம், இடம், அவர் சொன்ன அதே வார்த்தை (நாகரிகமாக மாற்றாமல்), அங்கே யார் இருந்தார்கள். வீட்டில் வைக்கும் நோட்டில் எழுதுங்கள், கம்பெனி கம்ப்யூட்டரில் வேண்டாம். வாட்ஸ்ஆப் செய்திகளை அழிக்காதீர்கள், அதை ஸ்டேட்டஸில் போடவும் செய்யாதீர்கள்.

சில விஷயங்களில் பொறுத்துப் போவது என்ற பேச்சே இல்லை.

கை நீட்டினால் அது குற்றம். காயம் சின்னதாக இருந்தாலும் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய், எப்படி நடந்தது என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள், பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள்.

பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பைச் சேர்ந்த ஒருவரை மற்றவர்கள் பார்க்கும்படி சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. "கோபத்தில் வாய் தவறிடுச்சு" என்று சமாதானம் பேச வருவார்கள், அதற்கு நீங்கள் இறங்கி வர வேண்டியதில்லை.

பெண்களிடம் கத்தும்போது உடை, கல்யாணம், உடம்பு என்று பேச்சு போனால், கதவைச் சாத்திவிட்டுப் பேசக் கூப்பிட்டால், அது 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்துக்குள் வரலாம். 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் இந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும், முதலாளியே குற்றம் செய்தவர் என்றாலோ 10 பேருக்குக் குறைவு என்றாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் வரை குழு நீட்டிக்கலாம். அந்தக் காலக்கெடு தெரியாமல் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று விட்டவர்களை எனக்குத் தெரியும்.

"நாளையிலிருந்து வராதே" என்ற மிரட்டல்தான் பலரின் வாயை அடைக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இன் கீழ் வரும் இடமாக இருந்தால், தொடர்ந்து 6 மாதம் வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமல், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ கொடுக்காமல் நீக்க முடியாது. ஒழுங்கீனம் என்று சொல்லி நீக்க வேண்டுமென்றால் விசாரணை நடத்த வேண்டும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. நீக்கியதை எதிர்த்துத் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம்.

இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை மதியமே நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வரவில்லை, பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறீர்கள், சாகலாமா என்று ஒரு நினைப்பு வந்து போகிறது என்றால், அதை "வேலைன்னா அப்படித்தான்" என்று விடாதீர்கள். 14416க்கு அழையுங்கள், டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். எந்த ஷிப்மென்டும் உங்களைவிடப் பெரியது இல்லை.

8. வெளியேறுவது என்றால்

கத்திய அன்று ராஜினாமா எழுதாதீர்கள். முதலில் அடுத்த வேலையைப் பாருங்கள், கையில் மூன்று மாதச் செலவுக்குப் பணம் சேருங்கள், பிறகு எழுதுங்கள், இரண்டே வரி, காரணம் "சொந்தக் காரணங்கள்" போதும். மெயிலில் அனுப்புங்கள், நேரில் மட்டும் கொடுத்தால் "வரவே இல்லை" என்று சொல்ல வாய்ப்பு உண்டு.

ஐந்து வருடத்தைத் தொடப் போகிறீர்கள் என்றால் கணக்குப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். பணிக்கொடை ஒரு வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000 என்றால் வருடத்துக்கு 15,000, ஆறு வருடத்துக்கு 90,000. ஐந்து வருடம் முடிவதற்குள் கோபத்தில் எழுந்து வந்து பணிக்கொடையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நீங்களாக விலகினாலும் பாக்கிச் சம்பளத்தை 2 வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். பி.எஃப்.பில் கம்பெனி உங்கள் விலகல் தேதியைப் போடாமல் இழுத்தடித்தால், கடைசிப் பணம் கட்டி 2 மாதம் கழித்து உங்கள் யூஏஎன் (பி.எஃப். எண்) கணக்கில் நீங்களே போட்டுக்கொள்ளலாம், அதற்காக மறுபடி அந்தக் கேபின் முன்னால் நிற்க வேண்டியதில்லை.

அடுத்த இடத்துக்கு இன்டர்வியூ போகும்போது அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள், கேட்டால் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பேசி முடித்ததும் "எனக்கு முன்னால் இந்த சீட்டில் இருந்தவர் எத்தனை மாதம் இருந்தாருங்க?" என்று கேளுங்கள், அதே கேள்வியை வெளியே வரும்போது வாட்ச்மேனிடமும் கேளுங்கள், இரண்டு பதிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணி வாக்கில் போங்கள். ரிசப்ஷனில் அரை மணி நேரம் உட்கார வைத்தாலும் பரவாயில்லை, உள்ளே என்ன சத்தம் கேட்கிறது என்று தெரிந்துவிடும்.